ஐம்பத்தெட்டாம் நாள்

ரத்தினபாய் சிஸ்டர் நாசமாய்ப் போகட்டும் என்று துளசிங்கம் வேண்டிக்கொள்ளாத சாமி பாக்கி இல்லை.

பின்னே என்ன? அவன் பெண்டாட்டி செல்லியம்மாள் அனகாபுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கைக்குழந்தையோடு தாம்பரம் வந்து, ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்துவிட்டாள். "குழந்தைக்கு அனுமதி இல்ல" என்று சிஸ்டர் ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. வார்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் ஒரு சிவப்புச் சேலை திரும்பிப் போவதை மட்டும்தான் துளசிங்கம் பார்த்தான்.

துளசிங்கம் தறி நெய்கிறவன். இருமலில் ரத்தம் வந்து, காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அவன் இங்கே வந்த பிறகுதான் பிள்ளை பிறந்தது. தலைச்சன், ஆண் பிள்ளை. கறுப்பா சிவப்பா, மூக்கு யார் மாதிரி, ஒரு எழவும் தெரியாது. பிறந்து இன்றோடு ஐம்பத்தெட்டு நாள் என்பது மட்டும் தெரியும்.

இன்றைக்கு மத்தியானம் சிஸ்டர் ஊசி போட வந்தபோது வாய்விட்டுக் கேட்டேவிட்டான்.

"சிஸ்டரம்மா, கேட்டாண்ட நின்னு ஒரு வாட்டி பாத்துக்கினு வந்துடறேனே. தொட மாட்டேன். கிட்டக்கூடப் போ மாட்டேன்."

"பேஷண்ட் கேட் பக்கம் போகக் கூடாது. பச்சைக் குழந்தை வார்டு பக்கம் வரக் கூடாது. எத்தனை தடவை சொல்றது? திரும்பிப் படுங்க."

"உங்களுக்குன்னு ஒரு புள்ள இருந்தா தெரியும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். சிஸ்டர் ஊசியைக் குத்தினாள், போய்விட்டாள். வேண்டுமென்றே அழுத்திக் குத்தினாள் என்று அவனுக்குப் பட்டது.

"இன்னா வாத்தியாரே, அதுக்கு கல்யாணமே ஆவல. அதுகிட்டப் போயி..." என்றான் பக்கத்துப் படுக்கை சிட்டிபாபு.

"கழுத்துல சிலுவை மாட்டிக்கினா போதுமா? நெஞ்சுல கொஞ்சம் ஈரம் வாணாம்?"

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாட்டுக் கோஷ்டி வந்து சேர்ந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் தாம்பரத்து சர்ச் ஒன்றிலிருந்து வருவார்கள். வேப்பமரத்தடியில் நின்று ஆர்மோனியம் டோலக்கோடு பாடுவார்கள். கூடவே வேஷமும் உண்டு. தலையில் துண்டு போட்ட மேய்ப்பர்கள், பஞ்சுத் தாடி யோசேப்பு, முக்காடு போட்ட மரியாள், அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. நோயாளிகள் வராந்தாக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள்.

துளசிங்கம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். சொந்தப் பிள்ளையைப் பார்க்க வழியில்லை, ஊரான் வீட்டுப் பிள்ளை பிறந்ததற்கு என்ன கொண்டாட்டம் வேண்டிக்கிடக்கு?

"பதினாலாம் பெட்! எழுந்திரிங்க."

சிஸ்டர்தான்.

"எனக்கு வாணாம்."

"எழுந்திரிங்கன்னா எழுந்திரிக்கணும்."

போர்வையை உருவினாள். அவன் வாயில் துணியைக் கட்டினாள். கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வராந்தாவுக்கு ஓட்டிக்கொண்டுபோய் முன் வரிசையில் நிறுத்தினாள். பிறகு உள்ளே போய், முதுகைக் காட்டிக்கொண்டு மருந்து அலமாரியைக் குடைய ஆரம்பித்தாள்.

பாட்டு முடிந்து பாஸ்டர் ஐயா பேசினார்.

"கடவுள் மேலேயே உக்காந்துகிட்டு நம்மள வரச் சொல்லியிருக்கலாம். நம்மால போக முடியலன்னு அவரே வந்தார். அதுவும் எப்படி? யாரும் பயப்படாம கையில வாங்கிக்கிற மாதிரி, குழந்தையா வந்தார். அவ்வளவுதாங்க கிறிஸ்துமஸ்."

துளசிங்கம் வராந்தாக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எங்கேயோ இருக்கிற சாமிக்கு வர வழி இருக்கிறது. இரண்டு பஸ் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு வழி இல்லை.

அப்போதுதான் மரத்தடியில் வீல் என்று ஒரு சத்தம்.

பொம்மை அழுமா? மரியாள் வேஷக்காரி எழுந்து குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். அடங்கவில்லை. தூக்கிக்கொண்டு வராந்தாவைப் பார்த்து நடந்து வந்தாள். இருபது தப்படி தள்ளி, மணலில் சுண்ணாம்பால் போட்டிருந்த கோட்டருகே நின்று முக்காட்டை விலக்கினாள்.

செல்லியம்மாள்!

பிள்ளையை அவன் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். கறுப்புதான். சப்பை மூக்கு, அச்சு அசல் துளசிங்கத்தின் மூக்கு. அவனுக்குக் கண்ணீர் மறைத்தது. துடைத்துவிட்டுப் பார்த்தான், மறுபடி மறைத்தது. எட்டாது என்று தெரிந்தும் கம்பிக்கு வெளியே கையை நீட்டினான். ஐயோ, என் ராசா!

சட்டென்று பயம் பிடித்துக்கொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தான். நல்லவேளை, சிஸ்டர் இன்னும் திரும்பவில்லை.

"அடியே, எப்டி உள்ள வந்தே? அந்த ராட்சசி உள்ளதான் கீது. பாத்தா தொலைச்சுடும். புள்ளய எடுத்துக்கினு போயிடு!"

செல்லியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"யோவ், வாய மூடுய்யா! அன்னிக்கு கேட்டுல என்னைத் திருப்பி அனுப்பிட்டு, பின்னாடியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மூச்சு வாங்க ஓடியாந்து, 'குழந்தைய வார்டுக்குள்ள விட முடியாதும்மா, செவ்வாக்கிழமை நீ மாதா வேஷம் கட்டிக்கிட்டு வா'ன்னு இந்தப் பொடவைய குடுத்ததே அவங்கதான்யா!"