சாக்பீஸும் சீஸும்

"அண்ணனும் தம்பியும் சாக்பீஸும் சீஸும் மாதிரி" என்று ஹெப்சிபா டீச்சர் கரும்பலகையில் இங்கிலீஷில் எழுதினார். கொஞ்சமும் ஒட்டாத இரண்டு பேரை இங்கிலீஷ்காரர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். பிள்ளைகள் பார்க்கட்டும் என்று மேஜைமேல் சாக்பீஸுக்குப் பக்கத்தில் ஒரு சீஸ் துண்டையும் வைத்தார். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்து, வகுப்பு காலியாகிவிட்டது.

டஸ்டர் இரண்டையும் உற்றுப் பார்த்தது. "ரெண்டும் வெள்ளை, ரெண்டும் துண்டு. டீச்சர் தப்பா எழுதிட்டாங்க. அழிச்சிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!" என்று பதறியது சாக்பீஸ். தேய்ந்து தேய்ந்து எழுதியது அதுதானே. "இங்கிலீஷ்ல இருக்கிறது எப்படிப்பா தப்பாகும்?"

ஆனாலும் சீஸைப் பார்க்கப் பார்க்க அதற்கே சந்தேகம் வந்தது. கூடப் பிறந்தது போலல்லவா இருக்கிறது!

அப்போது ஜன்னல் வழியே எறும்புகள் வரிசையாக வந்தன. சாக்பீஸை மோந்துகூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போய், நேராகச் சீஸை மொய்த்தன.

டஸ்டர் அழிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டது.

"பார்த்தியா?" என்றது சாக்பீஸ். "இத்தனூண்டு எறும்பு. என்னமா இங்கிலீஷ் படிச்சிருக்கு!"