அந்தரத்தில் ஒரு தூண்

"உங்களுக்குத் தப்பு கண்டுபிடிக்க மட்டும்தான் தெரியும்."

"தப்பு இருந்தா சொல்லத்தானே வேணும்?"

இரண்டு வருஷத்துக்கு முன், பெட்டியோடு வாசலில் நின்ற மனைவியிடம், அவள் பிரிந்து போகுமுன் அவன் கடைசியாகச் சொன்னது அதுதான். இன்று அதே மனைவி, ஆர்க்கிடெக்ட் அம்மாள், போட்ட வரைபடம் அவன் மேஜைமேல் விரிந்து கிடந்தது.

நூற்றியெண்பது மாடி. பின்னிய கூந்தல் போல மூன்று கோபுரங்கள் முறுக்கிக்கொண்டு ஏற, நடுவே காற்று புகுந்து போக வழி. இது நிற்குமா என்று சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டிய என்ஜினீயர் அவன்.

"சொந்த விவகாரம் சார், வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிப் பார்த்தான். "இந்த உயரத்துக்கு உங்களை விட்டா ஆள் ஏது?" என்றுவிட்டார் மேலதிகாரி.

புயல் கணக்கு, பூகம்பக் கணக்கு, உச்சி மாடி எவ்வளவு ஆடும் என்ற கணக்கு, எல்லாம் கச்சிதம். ஆனால் எழுபதாவது மாடியில் ஒரு தூண், கீழே தாங்க ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் நின்றது. குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்!

போன முறை ஒரு படிக்கட்டு நேரே சுவரில் போய் முட்டியது. அதற்கு முன்னால் லிஃப்டுக்குக் கதவே இல்லை. இரண்டு தடவையும் அவளைக் கூப்பிட்டுத்தான் திருத்த வைத்தான்.

இவளா இப்படித் தப்பு பண்ணுகிறவள்? ஒருநாள் அவன் அசந்து கையெழுத்துப் போடட்டும், அவன் லைசென்ஸ் பறிபோகட்டும் என்று காத்திருக்கிறாள். பழைய கோபம்! பல்லைக் கடித்துக்கொண்டு ஃபோன் செய்தான்.

அரை மணியில் வந்துவிட்டாள், திருத்திய வரைபடத்தோடு.

"அதுக்குள்ள வரைஞ்சாச்சா? அப்போ தெரிஞ்சேதான் தப்பு போட்டியா?"

"ஆமா."

"எனக்குக் குழி பறிக்கறே! கவனிக்காம நான் கையெழுத்துப் போட்டிருந்தா?"

"நீங்களா? நம்ம கல்யாணப் பத்திரிகையிலேயே கமா விட்டுப்போச்சுன்னு சண்டை போட்டவர்!"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தான். ஒரு குறையும் அகப்படவில்லை.

"சரியா இருக்கு. நிக்கும். இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன், இனி நீ இங்க அலைய வேண்டாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. மேஜை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தவள், மெல்ல நிமிர்ந்தாள்.

"தப்பு இருந்தாத்தானே என்னைக் கூப்பிடறீங்க... தப்பே இல்லாதப்பவும் ஒரு தடவை கூப்பிடுங்களேன்."