அணைத்து வைத்த லேயர்

‘இந்தக் கெழட்டு முதலைக்கு வாசலை எங்க வெச்சாலும் பிடிக்காது. சாகறப்ப எந்த வாசல் வழியா போவானோ.’

ஆங்கில எழுத்தில் தமிழாக அந்த வரி திரையில் வந்ததும் ஜாஹிருக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. பக்கத்து மேசை தனுஜா பதறிப்போய் எழுந்து வந்தாள்.

“என்னா ஜாஹிர், வீட்டுல ஏதாச்சும்…?”

“அதெல்லாம் இல்ல. சந்தோஷம்.”

கெலுகோரில் இருந்த அவர்களுடைய சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு, அதே தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுன் ஹோட்டல் ஒன்று வேலை கொடுத்திருந்தது. ஹோட்டலின் பழைய கட்டடப் படங்கள் எல்லாம் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் செய்த கோப்புகள். அறை எண் முதல் குழாய் அளவு வரை அவற்றில் உள்ள எழுத்து முழுவதையும் தனியே பிரித்துத் தர வேண்டும். வேறு எதில் திறந்தாலும் வெறும் கிறுக்கலாகத் தெரியும் அந்தக் கோப்புகளின் வயிற்றைக் கிழித்து, எழுத்தை மட்டும் உருவி எடுக்கும் புரோகிராம் ஒன்றை ஜாஹிர் எழுதியிருந்தான்.

அந்தப் படங்களை வரைந்தவனும் அவனேதான். அப்போது அவனுக்கு முஸ்தஃபாவின் கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை. உருவிய எழுத்தில் ‘வரைந்தவர்: ஜாஹிர்’ என்று ஒவ்வொரு படத்துக்கும் தன் பெயர் வந்து விழுந்தபோது அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஹோட்டல் படங்களைக் கொடுத்து முடித்த சில மாதத்தில் ஒருநாள் முஸ்தஃபா அவனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். காரணம் கேட்டான், வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு தீவில் அவன் ஏறி இறங்கிய வரைபட அலுவலகமெல்லாம் அவனை வாசலோடு திருப்பி அனுப்பியது.

எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு ஃபெரி ஏறிப் போய்க் கைப்பேசி உறை விற்றான். விற்றுக்கொண்டே கம்ப்யூட்டர் படித்து, பிறகுதான் இந்தக் கெலுகோர் கம்பெனியில் சேர்ந்தான். முஸ்தஃபாவை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டாமல் ஒரு வேளை சோறு இறங்கியதில்லை. இப்போது அந்த முஸ்தஃபாவின் குடுமி அவன் கையில் வந்து சிக்கியிருக்கிறது.

“இத எழுதினது யாருன்னு நெனைக்கிற? எங்க பழைய பாஸ்தான்” என்றான் ஜாஹிர். “கஸ்டமர் மேல கோபம் வந்தா இப்படித் தனியா ஒரு லேயர்ல, அதான் படத்து மேல விரிக்கிற கண்ணாடித் தாள் மாதிரி, அதுல தட்டிட்டு, லேயர அணைச்சிடுவாரு. அப்பறம் திரையிலயும் தெரியாது, பிரிண்ட்லயும் வராது. மனசு ஆறிடும்பாரு. அழிக்க மறந்துட்டாரு.”

தனுஜா திரையை உற்றுப் பார்த்தாள். “எழுத்து வந்திருக்கு. தட்டினது யாருன்னு வரலியே.”

“நான் பக்கத்துல நின்னேன்லா. தட்டிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு.”

“சபார்லா, ஜாஹிர், பொறுமையா இரு. அந்த வரிய எடுத்துட்டு வேலைய முடிச்சிக் குடு.”

எடுப்பதாவது! ஹோட்டல் முதலாளி சுப்பையா, டத்தோ பட்டம் வாங்கியவர், பக்கத்திலேயே இன்னொரு கட்டடம் எழுப்பப் போகிறார். அந்த வேலையும் முஸ்தஃபாவுக்குத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு, வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதற்குள் அந்த வரி டத்தோவின் கண்ணில் பட்டாக வேண்டும். காரணம் தெரியாமல் வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று முஸ்தஃபாவும் ஒருநாள் பார்க்கட்டும்.

மறுநாள் காலையே ஜாஹிர் டத்தோவின் அறையில் இருந்தான். அவர் கட்டடத்தின் படத்தை வரைந்திருக்கிறானே தவிர, ஆளை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“கம்ப்யூட்டர் கம்பெனியிலேருந்து வந்திருக்கேன், டத்தோ. வேலை முடிஞ்சிருச்சி.”

“உக்காருங்க தம்பி. கோப்பி ஓ குடிங்க, பால் போடாதது.”

ஜாஹிர் அந்த ஒரு தாளை மட்டும் எடுத்து நீட்டினான். “ஒரு படத்துல இது மறைஞ்சி கெடந்திச்சி. உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு…” முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள அவன் படாத பாடு பட்டான்.

டத்தோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் முகம் சிவக்கும், மேசையில் குத்துவார் என்று ஜாஹிர் ஆசையாகக் காத்திருந்தான். அவரோ பெருமூச்சு விட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

“இது எனக்குத் தெரியும் தம்பி. எங்க மெயின்டனன்ஸ் ஆளு அப்பவே எல்லா லேயரையும் தொறந்து பிரிண்ட் எடுத்துட்டான்.”

ஜாஹிருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரிஞ்சுமா முஸ்தஃபாவுக்குப் புது வேலை குடுக்கறீங்க?”

“அவரு என்னா செய்வாரு, பாவம். தாளக் காட்டினதும் கண்ணு கலங்கிட்டாரு. படம் வரைஞ்ச பய எழுதியிருக்கான்னு சொல்லி, அன்னைக்கே அவன வேலைய விட்டு எடுத்துட்டாரு.”

ஜாஹிர் கோப்பிக் கோப்பையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். கீழே வைக்கவும் தோன்றவில்லை.

“எனக்கு அதுவும் பத்தல. இந்தத் தீவுல படம் வரையற ஆபீஸ் ஒண்ணும் அவனுக்கு வேலை குடுக்கக் கூடாதுன்னு நானே எல்லாருக்கும் போன் போட்டேன். இன்னும் ஆத்திரம் தீரல தம்பி. அவன் பேரு மட்டும் மறக்கவே மாட்டேங்குது. மூஞ்சியத்தான் பாத்ததில்ல.”

டத்தோ கண்ணாடியைக் கழற்றினார். தேடி வந்து உண்மையைச் சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்து, வாஞ்சையாகச் சிரித்தார்.

“அது சரி, உங்க பேரு என்னா தம்பி?”