திறந்து கிடந்த படல்

விடிந்ததும் ரங்காத்தாள் போய்ப் பார்த்தபோது கொறங்காட்டுப் படல் திறந்து கிடந்தது. உள்ளே மயிலை இல்லை.

தலைச்சன் சினை. இன்றோ நாளையோ ஈனும் என்றிருந்த மாடு. இரண்டு வருஷமாகச் சினை நிற்காமல், விற்றுவிடலாம் என்று புருஷன் நஞ்சப்பன் கிளம்பும்போதெல்லாம் ரங்காத்தாள்தான் தடுத்து வைத்திருந்தாள். நேற்றுச் சாயங்காலம் ஈரோட்டிலிருந்து மகள் தேவிப்பிரியா போனில் கூப்பிட்டபோதுகூட, கன்றுக்கு என்ன பேர் வைப்பது என்றுதான் பேச்சு.

கொறங்காடு என்றால் மாடு தானாக மேயும் காடு. காவலுக்கு ஆள் கிடையாது. சுற்றிலும் கிளுவை வேலி, வழியில் ஒரு முள் படல். திறந்தவர்கள் சாத்திக் கயிற்றை மாட்டிவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் படலைத் திறப்பவர்கள் மூன்றே பேர். புருஷனும் பெண்டாட்டியும், அப்புறம் சுடலை.

சுடலைக்குத் திருநெல்வேலிப் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். பெண்டாட்டி, கைக்குழந்தையோடு இவர்கள் தோட்டத்து ஓட்டு வீட்டுக்கு வாடகைக்கு வந்து ஆறு மாசம் ஆகிறது. தினமும் விடிகாலையில் இந்தக் காட்டைக் குறுக்கே கடந்து, ரோட்டுக்குப் போய்க் கம்பெனி வேன் பிடிப்பான்.

"உம்பட சுடலை பண்ணுன வேலையப் பாரு," என்றார் நஞ்சப்பன். "மாடு கன்னோட அருமை தெரியாத ஆளு. சாயங்காலம் வந்ததும் ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போடு."

ரங்காத்தாள் மறுத்துப் பேசவில்லை. பதைப்பில் அவளுக்கும் கோபம்தான். போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில் நாய்கள் கூட்டமாக வந்து இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கடித்துப் போட்டிருந்தன. ஈன்ற ஈரத்தோடு கிடக்கும் கன்றை விட்டுவைக்குமா?

தப்பிய மாடு தண்ணீரைத் தேடித்தான் போகும் என்று நஞ்சப்பன் மொபெட்டைக் கிழக்கே குட்டைப் பக்கம் திருப்பினார். அவளையும் பின்னால் ஏறச் சொன்னார்.

ஏறப் போனவளுக்குக் கால் எழவில்லை. மனசு மேற்கே இழுத்தது. மேற்கே கரட்டடியில், அந்தச் சின்னக் குன்றின் அடிவாரத்தில், கல்லும் வெள்வேல மரங்களும்தான். மாடு தேடிப் போக அங்கே ஒன்றுமில்லை.

"நா இப்படிப் போய்ப் பாக்கறனுங்க."

"அங்கென்ன இருக்குது?"

"தெரியலீங்க. போகச் சொல்லுது."

அவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

ராத்திரி தூறல் போட்டிருந்தது. கொழுக்கட்டைப் புல்லின் ஈரம் சேலையை முழங்கால் வரைக்கும் நனைத்தது. மாரியாத்தா, நீதான் முன்னால நடக்கோணும் என்று முணுமுணுத்தபடியே போனாள். கரட்டடியை நெருங்கும்போது ஓர் ஆள்காட்டிக் குருவி விடாமல் கத்திக்கொண்டு வட்டமடித்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

வெள்வேல மரத்தடியில் மயிலை நின்றுகொண்டிருந்தது. காலடியில் செம்பட்டை நிறத்தில் ஒரு கிடேரிக் கன்று, எழுவதும் விழுவதுமாக.

ரங்காத்தாள் நின்ற இடத்திலேயே கைகூப்பினாள். கும்பிடும்போது எப்போதும் ஏதாவது கேட்பாள். இன்று கேட்க ஒன்றும் தோன்றவில்லை. மரத்தைப் பார்த்தாள், நனைந்த புல்லைப் பார்த்தாள், கத்திக்கொண்டிருந்த குருவியைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கண்ணீர்தான் வந்தது.

அப்புறம்தான் பாறைமேல் உட்கார்ந்திருந்த சுடலையைக் கவனித்தாள். கையில் ஒரு கழி. பக்கத்தில் கற்களைக் குவித்து வைத்திருந்தான். எட்டத்தில் மூன்று நாய்கள் படுத்துக் காத்திருந்தன. போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கன்றைத் துடைத்திருக்கிறான். வெறும் பனியனோடு இருந்தான்.

"வேனுக்குப் போறப்ப நாய்ங்க இங்கன ஓடுறதப் பாத்தேம்மா. வந்து பாத்தா இது ஈனிட்டு நிக்கி. ஒங்களக் கூப்பிட நா அங்கிட்டு வந்தா, அதுக இங்கிட்டு வந்துரும். அதான் இருந்துட்டேன்."

"வேலைக்கு?"

"வேன் போயிட்டும்மா."

காலையில் அவனைப் பற்றிப் பேசியதும், தான் வாய் திறக்காமல் நின்றதும் ரங்காத்தாளுக்கு என்னவோ போல் இருந்தது. "நல்லா இருப்பே சாமி," என்றாள்.

குட்டையில் மாட்டைக் காணாமல், மொபெட்டை வழியில் நிறுத்திவிட்டு நஞ்சப்பனும் அங்கே வந்து சேர்ந்தார். கன்றைப் பார்த்ததும் மலர்ந்த முகம், சுடலையைப் பார்த்ததும் சுருங்கியது. ரங்காத்தாள் நடந்ததைச் சொன்னாள்.

"காவலிருந்தது சரி. படலைத் தொறந்து போட்டதாலதான இத்தனையும்? நீதான?"

சுடலை ஒரு நொடி ரங்காத்தாளைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாய்யா. மறந்துட்டேன்."

"இந்த மாசத்தோட வேற ஊடு பாத்துக்க," என்றவர் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மயிலை ஒட்டிக்கொண்டே பின்னால் போனது.

அவர் கொஞ்ச தூரம் போகும்வரை பொறுத்திருந்த சுடலை, பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன மூங்கில் கூடையை எடுத்து ரங்காத்தாளிடம் நீட்டினான்.

"படல்கிட்டக் கெடந்துச்சும்மா. ஐயா கண்ணுல பட்டா ஒங்களத்தான ஏசுவாக."

கூடை நிறைய வாடிய ஆவாரம்பூ.

நேற்றுச் சாயங்காலம் சாமிக்குப் பறித்தது. படலைத் திறந்து வெளியே வந்தபோதுதான் மகள் போனில் இருப்பதாக நஞ்சப்பன் கூப்பிட்டார். கூடையை அங்கேயே வைத்துவிட்டு ஓடியது இப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

ரங்காத்தாள் கூடையை முந்தானைக்குள் மறைக்கவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு விரசாக நடந்து கணவரை எட்டிப் பிடித்தாள்.

"ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க. அந்தப் படலைத் தொறந்து போட்டது நானுங்க."