பூட்டுவதற்கு ஒரு சொல்

பேச்சைக் கேட்டுப் பூட்டும் எங்கள் பழைய கதவுக்கு இனிமேல் பராமரிப்பு கிடையாது என்று கம்பெனி கைவிரித்துவிட்டதால், நேற்றிரவுதான் புதியதை மாட்டினோம். குடும்பத் தலைவரின் குரலுக்கு மட்டும்தான் அது பூட்டிக்கொள்ளும்.

இன்று என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை. வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்றார்.

"வாங்க, வாங்க!" என்று கதவு அகலத் திறந்துகொண்டது.

மறுபடி சொன்னார். மறுபடியும் வரவேற்றது. கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"பழசு உங்க பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கும் மேடம். புதுசுக்கு 'வரேன்'னா உள்ள வர்றதுதான். சாரை 'போறேன்'னு சொல்லச் சொல்லுங்க, பூட்டிக்கும்."

"நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணிக்கப் போற மனுஷன் வாயாலயா? உங்க வீட்ல சொல்லுவீங்களாய்யா?"

"மேடம், அது வெறும் கமாண்டு."

போனை வைத்தேன்.

"விடு செண்பகம், டாக்சி நிக்குது. ஒரு வார்த்தைதானே?" என்று சிரித்தபடி அவர் கதவின் பக்கம் திரும்பினார். "நான் போ..."

பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். கதவின் மேலிருந்த கோபமெல்லாம் அவர்மேல் திரும்பியது. அந்தச் சொல்லை அவர் எப்போதோ தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறார். இல்லாவிட்டால் இத்தனை சுலபமாக நாக்கில் வந்து நிற்குமா?

"இன்னொரு தடவை வாயைத் திறந்தீங்கன்னா பாருங்க."

வீட்டை அப்படியே திறந்துபோட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்து லிஃப்டுக்கு இழுத்துப் போனேன்.