சம்பந்தியின் கெண்டை

வெயில் ஏறுவதற்குள் டிரம் மீனால் நிறைய வேண்டும். அதுவும் எல்லாம் உயிரோடு இருக்க வேண்டும். ஒராஸ்பெக்கின் கவலை அதுதான்.

இலி ஆற்றிலிருந்து ஊருக்குப் போக இருப்பது ஒரே மண்பாதை. அது திரும்புகிற இடத்தில் தன் பழைய நீவா ஜீப்பைக் குறுக்கே நிறுத்தியிருந்தார். ஜீப்பின் பின்பக்கத்தில் நீல டிரம், அது நிறைய ஆற்றுத் தண்ணீர். பேட்டரியில் ஓடும் குட்டி பம்ப் ஒன்று அதில் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்திலேயே மீன்பிடி விதிகள் எழுதிய தகரப் பலகை. முட்டையிடும் இந்த மாதத்தில் கெண்டையைத் தொடக்கூடாது. ஒரு முழத்துக்குக் குறைந்த சுதாக் மீனை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். விராலை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். அந்தப் பலகையால் இதுவரை பலன் கண்டவை, முதுகு சொறிந்துகொள்ள வரும் ஆடுகள்தான்.

செல்போன் அடித்தது. அல்மாத்தியிலிருந்து பெரியவர்.

"என்னய்யா, இந்த மாசமும் உன் பக்கத்துலேர்ந்து ஒண்ணுமே வரலையே?"

"கொஞ்சம் பொறுத்துக்குங்க ஐயா. இங்க எல்லாம் சொந்தக்காரங்க..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. முடியலன்னா சொல்லு, அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்."

வைத்துவிட்டார். இந்த இடம் கைவிட்டுப் போனால் ஒராஸ்பெக்குக்கு வேறு பிழைப்பு கிடையாது.

முதலில் சிக்கியவன் தம்பியின் மச்சினன் மெய்ராம். சீட்டியடித்தபடி சைக்கிளில் வந்தவன், ஜீப்பைப் பார்த்ததும் சீட்டியை நிறுத்தினான்.

"சிரல்கி!" என்று இரண்டு கைகளையும் நீட்டினார் ஒராஸ்பெக்.

வேட்டையாடியோ மீன்பிடித்தோ திரும்புகிறவனை மறித்து அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். இல்லை என்றவனுக்கு ஆறு அப்புறம் ஒரு செதிலைக்கூடக் காட்டாது என்பது ஊரின் நம்பிக்கை. வழியில் போகிறவர்கள் குழம்புக்கு ஒன்றிரண்டு கேட்பதுண்டு. டிரம் வைத்துக்கொண்டு கேட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறார்கள்.

"நேத்தும் கேட்டீங்களே அண்ணே! சரி, இந்த விரால எடுத்துக்குங்க. நல்லாக் கொழுத்தது."

"விரால் எனக்கெதுக்கு? அடியில வாலாட்டுது பாரு, அந்தச் சின்ன சுதாக்கையெல்லாம் குடு."

"அதானே பார்த்தேன்! பிஞ்சு மீனுன்னா ஊர் ஓட்டல்காரி காசு கூடப் போட்டுத் தருவாளோ?"

ஒராஸ்பெக் மீன்களை வாங்கிப் பதமாக டிரம்முக்குள் விட்டார்.

அடுத்து, பக்கத்தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள் தடதடத்து வந்தது. குசாயின்! ஒராஸ்பெக்கின் மகளை மருமகளாக எடுத்தவர். தொட்டியில் ஈரச்சாக்கு ஒன்று நெளிந்தது.

"சிரல்கி, சம்பந்தி!"

குசாயினின் முகம் வெளுத்தது. "வேண்டாம் சம்பந்தி. இன்னிக்கு மட்டும் கேக்காதீங்க. சாயங்காலம் எங்க சின்னப் பொண்ணப் பாக்க வர்றாங்க. இலிக் கெண்டை இல்லாம விருந்தான்னு கேட்டுட்டுத்தான் வர்றாங்க."

ஒராஸ்பெக் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கைக்குழந்தை கனத்தில் ஒரு கெண்டை. சினை முட்டி வயிறு புடைத்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கை பரபரத்தது.

"விரால் ரெண்டு இருக்கு, ரெண்டையும் எடுத்துக்குங்க," என்றார் குசாயின்.

"கெண்டைதான் வேணும்."

"உங்க வேலைக்கும் வயசுக்கும் இது அழகா? நடுரோட்டுல நின்னு கை நீட்டறீங்க! உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சா எங்க வீட்டுல தலைநிமிந்து நடப்பாளா?"

சுருக்கென்றது. மகள் இதைக் காலமெல்லாம் கேட்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். வெட்கத்தில் காது மடல் சூடேறியது. ஆனால் சாக்குக்குள் செவுள் அசைவது குறைந்துகொண்டே வந்தது.

"சிரல்கி," என்றார் மறுபடியும், தரையைப் பார்த்துக்கொண்டு.

குசாயின் சாக்கைத் தூக்கி அவர் மார்பில் திணித்தார். "கொண்டு போங்க! சினைய வித்துக் கோட்டை கட்டிக்குங்க. இனிமே டீ குடிக்கன்னு எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க!"

மோட்டார் சைக்கிள் கிளப்பிவிட்டுப் போன புழுதி அடங்கும்வரை ஒராஸ்பெக் நிற்கவில்லை. கெண்டையை டிரம்மில் இறக்கிவிட்டு ஜீப்பைக் கிளப்பினார். ஊர்ப்பக்கம் போகாமல் நாணற்காட்டுக்குள் திருப்பி, ஆள் நடமாட்டமில்லாத ஆற்று வளைவில் கொண்டுபோய் நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். பிறகு, டிரம்மை அப்படியே ஆற்றில் சாய்த்தார்.

சின்னவையெல்லாம் சிட்டாய்ப் பறந்தன. கெண்டை மட்டும் ஒருக்களித்து மிதந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் அது வாலைச் சுழற்றி அவர் முகத்தில் ஓர் அறை கொடுத்துவிட்டு ஆழத்துக்குள் போனது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

கரையேறியதும் மறுபடி செல்போன். பெரியவர் கொதித்துக்கொண்டிருந்தார். "கெண்டை பிடிச்சான்னு ஒரே ஒருத்தனுக்காவது அபராதம் போட்டியா? இந்த நாட்டுலயே வெறுங்கையா நிக்கிற மீன்வள ஆய்வாளர் நீ ஒருத்தன்தான்யா!"

"என்ன பண்றதுங்க ஐயா," என்றார் ஒராஸ்பெக், சட்டையைப் பிழிந்தபடி. "சம்பந்திகிட்ட அபராதம் கேக்க எனக்கு வாய் வரல; மீனக் கேட்டா, இல்லன்னு சொல்ல அவருக்கு வாய் வராது."