ஓரக்கண் வீரன்

பல் மருத்துவர் ஜெசிந்தாவின் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. ஆனால் கட்டைவிரல் உயரமேயுள்ள ஈயப் பொம்மையான சோழ வீரன் ஒருவனுக்கு அவள் கண்மணி வைக்கும் நேரம் பார்த்து அடுப்பில் குக்கர் விசிலடிக்க, தூரிகை மயிரிழை நழுவிவிட்டது. மற்றவர்கள் எல்லாம் எதிரியை முறைத்துக்கொண்டு நிற்க, இவன் மட்டும் பக்கத்தில் நிற்பவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவன்போல ஓரக்கண்ணால் பார்த்தான். அழித்துத் திருத்த அவளுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் போர் மூண்டது. எதிரே பாண்டியப் படையோடு கணவர் ராயப்பன். பகடை சொல்லும் கணக்குக்கு அவரவர் ஆட்களை அவரவரே மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும், எவனை எடுப்பது என்பது அவரவர் இஷ்டம். ஜெசிந்தா யார் யாரையோ எடுத்தாள். ஓரக்கண் வீரனையும் அவன் பக்கத்தில் நின்றவனையும் மட்டும் தொடவில்லை. கடைசியில் அவர்கள்தான் மிச்சம். ராயப்பன் மறுபடி உருட்டினார். ஒருவன் போயாக வேண்டும். "எடு ஜெசி, எவனோ ஒருத்தன்தானே?" அவள் விரல் ஒருவன் தலைமேல் போனது, மற்றவன் தலைமேல் போனது, வெறுமனே திரும்பி வந்தது. "நான் தோத்துட்டேன்னே வச்சுக்கோங்க," என்றாள். தாயம் ஆடினால்கூட ஒரு காயை விட்டுக்கொடுக்காதவள். சாயங்காலம் இரண்டாமவனை உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, அவன் கண்மணியையும் துளி இந்தப் பக்கம் நகர்த்தினாள். இப்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஊதி உலர்த்திக்கொண்டிருக்கும்போது ராயப்பன் வந்து, உள்ளங்கைக்குள் மறைத்து வைத்திருந்த பாண்டிய வீரன் ஒருவனைக் கண்ணாடிக்கு அடியில் நிறுத்தினார். "இவனும் ரொம்ப நாளா முறைச்சுக்கிட்டே நிக்கிறான், பாவம்," என்றார்.